மின்சார, காலநிலை விதிகளால் சுமை ஏறும் கம்பெனிகளுக்கு ஈட்டுத்தொகை: யாருக்கு, எதற்கு?

முதுநகர் ஐஸ்காரர்

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் முதுநகர் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனி நடத்துறேன். ஐரோப்பாவுல கார்பன் விலையால கரண்ட் செலவு ஏறுற கம்பெனிகளுக்கு அரசாங்கமே ஈடு கட்டுதுன்னு படிச்சேன். நம்ம ஊர்ல அப்படி ஒண்ணு ஏன் கேக்கக் கூடாதுங்கறதுதான் இந்த இழை.

என் கணக்கைச் சொல்றேன். 150 கே.வி.ஏ. சுமைக்கு ஒப்பந்தம் போட்ட ஹெச்.டி. (உயர் அழுத்த மின்) சர்வீஸ். ஓட்டினாலும் ஓட்டாட்டியும் அதுல 90 சதவீதத்துக்கு, அதாவது 135 கே.வி.ஏ.வுக்கு டிமாண்ட் சார்ஜ் (ஒப்பந்தச் சுமைக்கான மாசக் கட்டணம்) கட்டியாகணும். 2022 செப்டம்பருக்கு முன்ன கே.வி.ஏ.வுக்கு 350 ரூபா, மாசம் 47,250. அந்தத் தடவை 550 ஆக்கினாங்க, 74,250 ஆச்சு. அதுக்கப்புறம் 2023, 2024, 2025னு ஒவ்வொரு ஜூலையும் ரேட் ஏறியிருக்கு. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகு ஒண்ணும் போகாது. ஃபைபர் போட்டுக்காரங்களுக்கு மட்டும் கொஞ்சம் ஐஸ் போகும். டிமாண்ட் சார்ஜ் மட்டும் முழுசா வரும்.

இதுக்கு மேல பீக் ஹவர், அதாவது ஊரே கரண்ட் அதிகம் இழுக்குற நேரம், அப்ப 25 சதவீதம் கூடுதல். கேன்ல தண்ணி பிடிச்சு பிரைன் டேங்க்ல (குளிர்ந்த உப்புக் கரைசல் தொட்டி) இறக்கினா ஐஸ் பார் முழுசா உறைய கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். நடுவுல கம்ப்ரஸரை நிறுத்தினா ஓரம் உறைஞ்சு நடுவுல தண்ணி நிக்கும். கேனைக் கவுத்தா அந்தத் தண்ணி கொட்டி, பார் குழாயாட்டம் வரும். அதை எந்தப் படகுக்காரர் வாங்குவார்? அதனால பீக்லயும் ஓட்டித்தான் ஆகணும்.

காலநிலைக்காக விதி போடுறதை நான் எதிர்க்கலை. கடலை நம்பிப் பிழைக்கிறவன் நான், கடல் சூடாகுறது என்னன்னு எனக்குத் தெரியும். சுமையை எங்க தலையில மட்டும் வைக்காதீங்கன்னுதான் கேக்குறேன்.

---

வில்லியனூர் கணக்கர்

அண்ணே, நல்ல இழை. ஐரோப்பாவில் உள்ளதைச் சரியாகப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

அங்கே மின்நிலையங்கள் வெளியிடும் ஒவ்வொரு டன் கார்பனுக்கும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அந்தச் செலவு மின்விலையில் ஏறுகிறது. அலுமினியம், எஃகு, சில ரசாயனங்கள் போல மின்சாரத்தை அதிகம் குடிக்கும் துறைகள், விலை ஏறினால் உற்பத்தி வேறு நாட்டுக்கு ஓடிவிடும் என்று வாதாடின. அதனால் அந்த ஏற்றத்தில் ஒரு பகுதியை அரசு திருப்பிக் கொடுக்கலாம் என்று விதி வைத்தார்கள். 2021 முதல் 2030 வரைக்கான வழிகாட்டு விதி 2020ல் வந்தபோது வைத்த பொதுவான உச்சவரம்பு 75 சதவீதம். பணம் வாங்கும் கம்பெனி மின்தணிக்கை செய்ய வேண்டும். பிறகு தணிக்கை சொன்னதைச் செய்ய வேண்டும், அல்லது மின்தேவையில் 30 சதவீதமாவது கார்பன் இல்லாததாக ஆக்க வேண்டும், அல்லது வாங்கின பணத்தில் பாதியையாவது புகை குறைக்கும் முதலீட்டில் போட வேண்டும்.

இதில் உங்களுக்கு உதவாத விஷயம் ஒன்று உண்டு. இந்த ஈடு பட்டியலில் உள்ள துறைகளுக்குத்தான். உலகச் சந்தையில் போட்டி போடுகிறவர்களுக்குத்தான். முதுநகர் ஐஸ் சிங்கப்பூர் ஐஸோடு போட்டி போடவில்லை. அங்கே இருந்திருந்தாலும் உங்களுக்கு ஒரு யூரோ கிடைத்திருக்காது.

---

குடிகாடு செல்வி

சிப்காட் பக்கத்துல பிறந்து வளர்ந்தவ நான். கம்பெனிக்கு ஈட்டுத்தொகைன்னு தலைப்பைப் பார்த்ததும் வயிறு எரிஞ்சுது.

2009ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போட்ட மாசுக் குறியீட்டுல கடலூருக்கு 77.45. 70க்கு மேல போனாலே மிக மோசமான பகுதி. உப்பனாறு எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்குன்னு எங்க ஊர்ப் பெரியவங்களைக் கேளுங்க. ராத்திரி ஒரு ஆலையிலேருந்து வர்ற நாத்தத்துக்கு ஜன்னலைச் சாத்திட்டு, மே மாசப் புழுக்கத்துல குழந்தைக்கு விசிறிக்கிட்டு உக்காந்திருக்கேன். விதி போட்டது எங்களை இவங்க மூச்சுவிட விடணும்னுதான். அந்த விதியைக் கடைப்பிடிக்கவும் காசு குடுக்கணும்னா, எங்களுக்கு எந்தக் கணக்குல யார் தருவா?

ஐஸ்கார அண்ணன்மேல எனக்கு வருத்தமில்லை. அவர் பேரைச் சொல்லி பெரிய ஆளுங்க பணம் வாங்கிட்டுப் போவாங்கங்கறதுதான் என் பயம்.

---

குளோர்-ஆல்கலி ஷிப்ட்காரன்

பெரிய ஆலை பத்திப் பேச்சு வந்ததால சொல்றேன். எங்க தொழில்ல ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு 2,000 யூனிட்டுக்கு மேல கரண்ட் போகும். உப்புத் தண்ணியில கரண்ட் பாய்ச்சிப் பிரிக்கிறதுதான் வேலையே, கரண்ட்தான் எங்களுக்கு மூலப்பொருள்.

2023ல மத்திய அரசு கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் அறிவிச்சுது. 2025 அக்டோபர்ல அலுமினியம், சிமென்ட், குளோர்-ஆல்கலி, காகிதம்னு நாலு துறையில 282 ஆலைகளுக்கு இலக்கு வெச்சாச்சு. 2023-24 வருஷம்தான் அடிப்படை. ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு புகைங்கறதுல இலக்கைத் தாண்டிக் குறைச்சா சான்றிதழ் கிடைக்கும், விக்கலாம். குறைக்கலைன்னா வாங்கணும். வாங்கவும் இல்லைன்னா சராசரி விலையில ரெண்டு மடங்கு சுற்றுச்சூழல் இழப்பீடு கட்டணும்.

அதனால எங்க மாதிரி ஆலைக்குத் தனியா ஈட்டுத்தொகை கேக்குறது நியாயமில்லைன்னு நான் நினைக்கிறேன். நல்லா ஓட்டினா வருமானமே உண்டு. முழு மின்வலைக்கும் விலை ஏறி, சான்றிதழ் வாங்கவும் விக்கவும் வழியில்லாத சின்ன ஆளுக்குத்தான் ரெண்டு பக்கமும் அடி.

---

ரிடையர்டு ஏ.இ.

ஐஸ்காரர் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் டிமாண்ட் சார்ஜ் ஏறினதுக்குக் காலநிலை விதி காரணமல்ல. அது விநியோக நிறுவனத்தின் கடன், நட்டம், கம்பிச் செலவு சம்பந்தப்பட்டது. பீக் ஹவர் கட்டணமும் நம் மாநிலத்தில் ஹெச்.டி.க்கு வெகுகாலமாக உண்டு. இரண்டையும் ஒரே கூடையில் போட்டு ஈடு கேட்டால் விசாரணையில் முதல் கேள்வியிலேயே கவிழ்ந்துவிடும்.

காலநிலைக் கொள்கையோடு நேரடியாகச் சேர்ந்தது 2023 ஜூனில் மத்திய அரசு போட்ட நேரவாரிக் கட்டண விதி. தொழில், வணிக நுகர்வோரில் 10 கிலோவாட்டுக்கு மேல் உள்ளவர்களுக்கு 2024 ஏப்ரல் முதல் என்று வைத்தார்கள். பீக் நேரத்தில் சாதாரணக் கட்டணத்தைப் போல் 1.2 மடங்குக்குக் குறையக் கூடாது. வெயில் நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் மலிவாக இருக்க வேண்டும். பகலில் சூரிய மின்சாரம் தேங்குகிறது, சாயந்திரம் பற்றாக்குறை, அதனால் பயன்பாட்டைப் பகலுக்குத் தள்ள வேண்டும் என்பது நோக்கம். நம் ஊரில் பீக் கூடுதல் 25 சதவீதம், இரவுத் தள்ளுபடி 5 சதவீதம். வெயில் நேரத்து 20 சதவீதத்தை முன்னால் வைத்துப் பேசுங்கள். பிரைன் டேங்க் குளிரைச் சேர்த்து வைக்கும் பாத்திரம்தானே. பகலில் உப்புக் கரைசலை இன்னும் இரண்டு மூன்று டிகிரி கீழே இறக்கிவிட்டால் சாயந்திரம் ஒரு கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு மற்றதை வைத்துச் சமாளிக்கலாம். முழுசாக நிறுத்தச் சொல்லவில்லை.

இன்னொன்று. ஈட்டுத்தொகை நம் நாட்டில் இல்லை என்று யார் சொன்னது? மின்நிலையங்களுக்கு உண்டு. அனல்மின் நிலையப் புகையில் கந்தக டை ஆக்சைடைக் குறைக்க வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி வந்தது. அதற்கான கருவி வைக்கும் செலவை, மின் கொள்முதல் ஒப்பந்தத்தில் உள்ள ‘சட்ட மாற்றம்’ என்கிற பிரிவின் கீழ், மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதியோடு கட்டணத்தில் ஏற்றிக்கொள்ளலாம். ஆக, விதி மாறினால் மின்நிலையத்துக்குக் கை கடிக்காது. அந்தச் செலவு வந்து இறங்கும் இடம் ஐஸ் கம்பெனி பில். இவர் அதை யார்மேல் ஏற்றுவார்?

(அந்தக் கருவிக்கான கெடுவைத் திரும்பத் திரும்பத் தள்ளி, கடைசியில் 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அது தேவையே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அது தனியாகப் பேச வேண்டிய விஷயம், எனக்கு அதில் ஆழ்ந்த வருத்தம்.)

---

முதுநகர் ஐஸ்காரர்

ஏ.இ. சார், நீங்க பிரிச்சுச் சொன்னது ரொம்ப உதவி. டிமாண்ட் சார்ஜைத் தனியா வெச்சுக்கறேன்.

யார்மேல ஏத்துவேன்னு கேட்டீங்க. பாருக்குப் பத்து ரூபா ஏத்தினா, ஏலத்துல மீன் விலை படிஞ்ச அன்னைக்கு படகுக்காரர் ஐஸைக் குறைச்சு ஏத்துவார். மீன் கெட்டுப் போகும், நட்டம் அவருக்கும் மீன் விக்கிற அம்மாக்களுக்கும். அங்கேருந்து மேல தள்ள இடமே இல்லை.

கம்ப்ரஸர் பழசு, பெல்ட் டிரைவ். புது மோட்டார், வேகக் கட்டுப்பாட்டு டிரைவ், புது கண்டென்சர் போட்டா கரண்ட் கணிசமாக் குறையும்னு கம்பெனிக்காரங்க வந்து பார்த்துச் சொன்னாங்க. ஒரு வங்கியில கேட்டேன். இடத்துப் பத்திரம் கொண்டாங்கன்னாங்க. இடம் குத்தகை. அங்கேயே நிக்குது.

---

நெய்வேலிப் பக்கம்

சுரங்கத்துக்கு நிலம் குடுத்த குடும்பம் எங்களுது. 2023 ஜூலையில வளையமாதேவியில வாய்க்கால் வெட்ட, கதிர் பிடிச்ச நெல்லுல பொக்லைன் இறக்கினதை நாடே பார்த்துச்சு. அந்தப் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபா குடுன்னு உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டி இருந்துச்சு.

பழுப்பு நிலக்கரியை ஒரு நாள் நிறுத்தத்தான் போறாங்க. அப்ப ஈட்டுத்தொகைப் பேச்சு வரும். கம்பெனிக்கு எவ்வளவுங்கறது மட்டும் பேசுவாங்களா, ஒப்பந்தத் தொழிலாளி, டீக்கடை, லாரிக்காரன் எல்லாரும் அந்தக் கணக்குல வருவாங்களா? இதையும் இந்த இழையில சேத்துக்கங்க.

---

வில்லியனூர் கணக்கர்

நெய்வேலி அண்ணன் கேட்டதற்கு ஜெர்மனி பதில் வைத்திருக்கிறது. 2038க்குள் நிலக்கரியை நிறுத்த 2020ல் சட்டம் போட்டார்கள். பழுப்பு நிலக்கரி நிலையங்களை மூட ஆர்.டபிள்யூ.ஈ. என்கிற மின் கம்பெனிக்கு 260 கோடி யூரோ, லீக் கம்பெனிக்கு 175 கோடி யூரோ என்று பேசினார்கள். அதுபோகச் சுரங்க வட்டாரங்களுக்கென்று 4,000 கோடி யூரோ வரை தனியாக ஒதுக்கினார்கள். வட்டாரத்துக்கு ஒதுக்கினது கம்பெனிக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு. நமக்கும் அந்த விகிதம்தான் வேண்டும்.

அதே ஆர்.டபிள்யூ.ஈ. நெதர்லாந்திலும் ஈடு கேட்டது. அங்கே 2030 முதல் மின்சாரத்துக்கு நிலக்கரி எரிக்கத் தடை என்று 2019ல் சட்டம். 2022 நவம்பரில் ஹேக் மாவட்ட நீதிமன்றம் ஈடு கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது. இப்படி ஒரு நாள் வரும் என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், மாறிக்கொள்ளப் போதிய அவகாசமும் இருக்கிறது என்பதுதான் அதன் சாரம். எனக்கு இந்தத் தீர்ப்புதான் சரி என்று படுகிறது. வரப்போகிற விதி தெரிந்தும் பழைய இயந்திரத்தில் பணம் போட்டவருக்கு இழந்த லாபத்தைப் பொதுப்பணத்தில் கொடுக்கக் கூடாது.

மாறுகிற செலவு வேறு விஷயம். அதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் 1990ல் பலதரப்பு நிதி ஒன்று ஏற்பாடானது. பணக்கார நாடுகள் போடும் பணம். ஏழை நாட்டுக் கம்பெனி பழைய வாயுவிலிருந்து புது வாயுவுக்கு மாறும்போது ஆகிற கூடுதல் செலவை மட்டும் கொடுக்கும். பழைய இயந்திரத்தை உடைத்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். இந்தியாவில் ஓசோனைக் கெடுக்கும் சி.எஃப்.சி. வாயுவின் தயாரிப்பை நிறுத்த 1999ல் 8.2 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2010 கெடு. 2008 ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டோம். பிறகு ஃபோம் செய்யும் சின்னக் கம்பெனிகளும் இந்த வழியில்தான் மாறின. அவர்கள் பயன்படுத்திய ஹெச்.சி.எஃப்.சி.-141பி என்கிற வாயு 2020 ஜனவரி முதல் நாட்டில் இல்லை.

இதற்கு நேர் எதிராகப் போனதும் நடந்தது. ஏ.சி.க்கான வாயு தயாரிக்கும்போது ஹெச்.எஃப்.சி.-23 என்று ஒரு கழிவு வாயு வரும். கார்பன் டை ஆக்சைடைப் போல் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் சூடேற்றக்கூடியது. அதை எரித்தால் கார்பன் கிரெடிட் என்று கியோட்டோ காலநிலை உடன்படிக்கையின் ஏற்பாட்டில் வைத்தார்கள். எரிக்க ஆகும் செலவு கொஞ்சம், கிடைத்த கிரெடிட்டோ மலையளவு. கழிவு வரட்டும் என்றே உற்பத்தியைத் தூக்குகிறார்கள் என்று புகார் எழுந்தது. ஐரோப்பா 2013 மே முதல் அந்தக் கிரெடிட்டை ஏற்பதை நிறுத்தியது. 2016 அக்டோபரில் நம் அரசு, உங்கள் சொந்தச் செலவில் எரியுங்கள் என்று கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. ஒரு ரூபாய் ஈடு கிடையாது. அதனால் ஆலைகள் மூடிவிடவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான்: மாறுவதற்கு ஆகும் கூடுதல் செலவை ஒரே ஒரு முறை, ஆதாரத்தின் பேரில், செலவை வேறு யார்மேலும் ஏற்ற முடியாதவருக்குக் கொடுக்கலாம். வருஷா வருஷம் பில்லில் கழித்துக் கொடுத்தால் பழைய கம்ப்ரஸர் பழசாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

---

பண்ருட்டி முந்திரி

நல்லா விளங்குது சார். எங்க பக்கம் முந்திரிக் கொட்டையை வேக வைக்க பாய்லர் வெச்சிருக்கோம். முந்திரி ஓடும் விறகும்தான் எரிபொருள். சிம்னியை உசத்து, புகை வடிகட்டி வைன்னு உத்தரவு வரும். வெச்சாகணும், சரி. பெரிய எக்ஸ்போர்ட்டருக்கு அது ஒரு கன்டெய்னர் லாபம். எங்களுக்கு மூணு சீசன் வருமானம். விதி ஒண்ணுதான், அளவுதான் வேற வேற.

பணம் எங்கேருந்து வரும்னும் யாராவது சொல்லுங்க.

---

வில்லியனூர் கணக்கர்

பணம் ஏற்கெனவே நம்மிடமிருந்து போயிருக்கிறது. 2010ல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் தூய எரிசக்தி செஸ் என்று ஆரம்பித்தார்கள். 2014ல் 100, 2015ல் 200, 2016ல் 400. கரண்ட் பில் கட்டும் எல்லாரும் இதைச் சேர்த்துத்தான் கட்டினோம். 2010-11 முதல் 2017-18 வரை வசூலானது சுமார் 86,440 கோடி. தூய எரிசக்தி நிதிக்கு மாற்றினது ஏறக்குறைய 29,645 கோடி. அதிலும் திட்டங்களுக்குப் போனது 15,911 கோடி அளவுக்குத்தான். 2017ல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த 400 ரூபாய் மாநிலங்களின் வரி இழப்பை ஈடுகட்டத் திரும்பிவிட்டது. 2025 செப்டம்பரில் அந்த செஸை எடுத்துவிட்டு, நிலக்கரிமீதான ஜி.எஸ்.டி.யை 5லிருந்து 18 சதவீதமாக்கினார்கள்.

பசுமை மாற்றம் என்று சொல்லி வாங்கின பணத்தில் பெரும்பகுதி மாறுகிறவன் கைக்கு வரவே இல்லை. நம் கோரிக்கைக்கு இதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும்.

புதுச்சேரியும் இதிலிருந்து தப்பவில்லை. எங்களுக்குச் சொந்த உற்பத்தி என்று காரைக்காலில் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் ஒன்றுதான். மற்றதெல்லாம் நெய்வேலி உள்ளிட்ட வெளி நிலையங்களிலிருந்து வருவது. அங்கே விதி மாறினால் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் பட்டறைகளின் பில்லில் தெரியும். என்ன, எங்களுக்கு ஆணையம் வேறு, நீங்கள் போகும் வாசலில் நாங்கள் மனுப் போட முடியாது.

---

குடிகாடு செல்வி

கணக்கர் சார் சொன்ன மாதிரின்னா எனக்குச் சம்மதம். ரெண்டு நிபந்தனை சேத்துக்கங்க. பொதுப்பணம் வாங்குற ஒவ்வொரு யூனிட்டும், பெரிசோ சின்னதோ, எவ்வளவு வாங்கினாங்க, எவ்வளவு கரண்ட், எவ்வளவு புகை குறைஞ்சுதுன்னு ஊராட்சி போர்டுல தமிழ்ல ஒட்டணும். மாசு விதியை மீறினதா நோட்டீஸ் நிலுவையில இருக்குற ஆலைக்கு, அது தீர்ற வரைக்கும் ஒரு பைசா தரக் கூடாது.

ஐஸ்கார அண்ணே, உங்ககிட்டயும் ஒண்ணு. அம்மோனியா கசிஞ்சா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். புது கண்டென்சர் போடும்போது கசிவைக் காட்டுற கருவியையும் அந்தச் செலவுலயே சேத்துக் கேளுங்க. முதுநகர்ல வீடுங்க ஒட்டி ஒட்டி இருக்கு.

---

ரிடையர்டு ஏ.இ.

இப்போதே கையில் கிடைக்கக்கூடியதையும் விட்டுவிட வேண்டாம். 2025 ஜூலையில் மத்திய எரிசக்தித் திறன் பணியகம் அடீட்டி (ADEETIE) என்கிற திட்டத்தைத் தொடங்கியது, 1,000 கோடி. மின்சேமிப்பு இயந்திரம் வாங்கக் கடன் எடுத்தால் குறு, சிறு நிறுவனத்துக்கு வட்டியில் 5 சதவீதமும், நடுத்தர நிறுவனத்துக்கு 3 சதவீதமும் அரசு ஏற்கும். குறைந்தது 10 சதவீத மின்சேமிப்பு காட்ட வேண்டும். எடுத்துக்கொண்ட 14 துறைகளில் மீன்வளமும் உணவுப் பதப்படுத்தலும் இருக்கின்றன. ரசாயனமும் இருக்கிறது. முதல் கட்டம் 60 தொழில் கொத்துகளுக்கு, அதாவது ஒரே தொழில் கூடி நடக்கும் இடங்களுக்கு. அந்தப் பட்டியலில் கடலூர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்வதையே முதல் கோரிக்கையாக வையுங்கள். மின்தணிக்கைச் செலவுக்கு மாநில அரசின் பீஸ் (PEACE) திட்டத்தில் மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். தணிக்கை அறிக்கை இல்லாமல் எந்த வாசலுக்கும் போகாதீர்கள்.

வட்டி குறைந்தாலும் கடனுக்கு ஜாமீன் வேண்டுமே என்கிற தம்பியின் சிக்கல் இதில் தீரவில்லை. குத்தகை இடத்தில் இருப்பவருக்கு இயந்திரத்தையே ஈடாக வைத்துக் கடன் தரும்படி கேட்க வேண்டும்.

---

முதுநகர் ஐஸ்காரர்

எல்லாருக்கும் நன்றி. துறைமுகத்துல இருக்குற மத்த ஐஸ் கம்பெனிக்காரங்க, பண்ருட்டி அண்ணன் எல்லாரும் சேர்ந்து ஒரே மனுவாப் போடலாம்னு இருக்கோம். இப்படி எழுதியிருக்கேன், பாருங்க:

“மின்நிலையங்களுக்கு விதி மாற்றத்தால் ஆகும் செலவு கட்டணத்தின் வழியே ஈடுசெய்யப்படுகிறது. அதே செலவைக் கட்டணமாகச் செலுத்தும் குறு, சிறு நிறுவனங்களுக்கு அப்படி வழி இல்லை. ஆகவே மின்தணிக்கை அறிக்கையின் அடிப்படையில், இயந்திரம் மாற்ற ஆகும் கூடுதல் செலவில் ஒரு பங்கை ஒரு முறை மானியமாகவும், மீதியை இயந்திர ஈட்டின் பேரில் கடனாகவும் வழங்க வேண்டும். பழைய இயந்திரம் அகற்றப்பட்டதற்கான சான்று, பாதுகாப்புக் கருவி, மின்சேமிப்பு விவரத்தை ஊராட்சியிலோ மாநகராட்சியிலோ தமிழில் வெளியிடுதல் ஆகியவற்றுக்கு நாங்கள் உடன்படுகிறோம். வெயில் நேரக் கட்டணச் சலுகையை விதிப்படி வழங்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் டிமாண்ட் கட்டணத்தை உண்மையான பயன்பாட்டின்படி வசூலிக்க வேண்டும்.”

நெய்வேலி அண்ணே, உங்க விஷயத்தை இதுல ஒரு பத்தியா நுழைச்சா அதுக்கு மரியாதை இருக்காது. தனி இழை ஆரம்பிங்க, எங்க ஆளுங்க கையெழுத்துப் போட வருவோம்.

---

ரிடையர்டு ஏ.இ.

நன்றாக இருக்கிறது தம்பி. ஒரு திருத்தம். இதை இரண்டு மனுவாகப் பிரியுங்கள். மானியம், கடன், ஜாமீன் எல்லாம் அரசுக்கு, தொழில் துறை வழியாக. வெயில் நேரக் கட்டணமும் தடைக்கால டிமாண்டும் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு. ஆணையத்துக்குப் போகும் மனுவில் ‘சலுகை’ என்ற சொல்லை எடுத்துவிட்டு விதி எண்ணைப் போடுங்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் குறைக்கச் சொன்னால் அந்த நட்டத்தை யார் தாங்குவது என்று கேட்பார்கள். 2003 மின்சாரச் சட்டம் 65வது பிரிவுப்படி மாநில அரசு அந்தத் தொகையை முன்கூட்டியே விநியோக நிறுவனத்துக்குக் கட்டிவிட்டுச் சலுகை அறிவிக்கலாம். அதனால் தடைக்கால டிமாண்ட் கோரிக்கையின் ஒரு நகலை மீன்வளத் துறைக்கும் அனுப்புங்கள். தடைக்கால நிவாரணம் மீனவக் குடும்பங்களுக்கு அந்தத் துறை வழியாகத்தான் போகிறது. ஐஸ் கம்பெனியையும் அந்தப் பேச்சில் சேர்க்க அவர்கள்தான் நிதித் துறையிடம் கேட்க முடியும்.

போன இரண்டு தடைக்காலத்து பில் நகல்களை இணைத்துவிடுங்கள். பதிவான டிமாண்டையும் வசூலித்த டிமாண்டையும் மஞ்சள் கோடிட்டு வையுங்கள்.